லாரி பார்க்க வந்தவர்கள்

லாரிக்குப் பூ வைப்பதா வேண்டாமா என்று லட்சுமணசாமிக்குக் குழப்பமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மணி ஒன்பதரை. போத்தனூர் செட்டில் வண்டியைக் கழுவித் துடைத்து, வெயில் முகத்தில் அடிக்காதபடி வேப்பமரத்தடியில் நிறுத்தியாகிவிட்டது.

பலகையில் டிரான்ஸ்போர்ட் கம்பெனி என்று எழுதியிருந்தாலும் இருப்பது ஒரே லாரி. அதை ஓட்ட ஐந்து வாரமாக ஆள் இல்லை. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், அப்புறம் வேறு வண்டிக்குச் சொல்லிவிடுவோம் என்று நூல் மில்லில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

கதிரேசன் ஒருவன்தான் வந்து ஓட்டிக் காட்டினான். வண்டி அவன் கைக்குக் கன்றுக்குட்டி மாதிரி பணிந்தது. எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது தலையைச் சொறிந்தபடி, வீட்டிலிருந்து வந்து வண்டியை ஒருதரம் பார்க்க வேண்டுமாம் என்றான்.

போன வருடம் வேறொரு முதலாளியின் வண்டியில் வால்பாறைக்கு உரம் ஏற்றிப் போய்த் திரும்பியபோது, இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. மலைப்பக்கமாக இடித்து நிறுத்தினான். வலது கைக்குள் இன்னும் ஒரு கம்பி இருக்கிறது. இனிமேல் தான் பார்க்காத வண்டியில் புருஷன் ஏறக்கூடாது என்று அன்றைக்கே அவன் மனைவி மாசாணியம்மாள் சொல்லிவிட்டாளாம்.

அவள் மட்டும் வருவாள் என்று லட்சுமணசாமி நினைத்திருந்தார்.

ஏழு பேர் வந்தார்கள். முன்னால் மாசாணியம்மாளின் தாய் சுப்பாத்தாள். சித்தியின் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இரண்டு அண்ணன்மார். கைக்குழந்தையோடு மாசாணியம்மாள். கடைசியில், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கதிரேசன்.

டிரைவர் வேலைக்கு வந்தவர்களை லட்சுமணசாமி அதுவரை உட்காரச் சொன்னதில்லை. இன்று வீட்டிலிருந்த நாற்காலிகளை எல்லாம் தூக்கிவந்து போட்டார். அவர் மனைவி வெங்கடலட்சுமி, யாரும் சொல்லாமலே, கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் நடந்ததற்கெல்லாம் அந்தப் பஜ்ஜிதான் காரணம்.

சுப்பாத்தாள் வாயைத் துடைத்துக்கொண்டு, வயசு என்ன ஆகிறது என்று கேட்டாள்.

பதினொன்று முடிந்து பன்னிரண்டு நடந்தது. ஒன்பது என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

இத்தனை நாளாக ஏன் ஒன்றும் அமையவில்லை என்று சித்தி கேட்டாள். வந்தவர்களை எல்லாம் நாங்கள்தான் வேண்டாமென்றோம் என்றார். அது பொய். சொல்லும்போது குரல் இறங்கிப்போனது.

மூத்த அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இடதுபக்கம் நெளிந்திருந்த இடத்தில் விரலை வைத்தான். பஜ்ஜி மெல்லும் சத்தம்கூட நின்றது.

"அது வாங்கறப்பவே இருந்ததுங்க," என்றார் லட்சுமணசாமி. "ஓட்டத்துக்கு ஒண்ணும் பண்ணாதுங்க."

சித்தி, சத்தம் எப்படி என்று கேட்டாள். அவரே ஏறி ஹாரனை அமுக்கினார். இனிமையாக அடிக்கத்தான் பார்த்தார். குழந்தை வீறிட்டு அழுதது. சித்தியும் சுப்பாத்தாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதுவரை வாயே திறக்காத மாசாணியம்மாள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். புருஷனை வண்டியில் ஏறச் சொன்னாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துபோய், செட்டின் மறுகோடியில், காம்பவுண்டுச் சுவருக்கு முன்னால் திரும்பி நின்றாள். வேகமாக வந்து தன் முன்னால் நிறுத்தச் சொன்னாள்.

கதிரேசன் மாட்டேன் என்று தலையாட்டினான். அவள் நகரவில்லை.

வெள்ளிக்கிழமைதான் பிரேக்குக்கு எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார் லட்சுமணசாமி. பில்கூடப் பையில் இருந்தது. ஆனாலும் வண்டி கிளம்பியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கும்பிட ஒரு சாமி பேரும் வாயில் வரவில்லை.

டயர் தேய்ந்த சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது வண்டிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. கதிரேசன் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தான். அவள் வண்டியின் முகத்திலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

பிறகு உள்ளே ஏறினாள். சீட்டுக்குப் பின்னால் டிரைவர் படுக்கும் பலகையில் படுத்துக் காலை நீட்டிப் பார்த்தாள். முட்டியது. அவன் அவளைவிட ஒரு சாண் உயரம். கொஞ்ச நேரம் அப்படியே, கேபின் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

இறங்கி வந்ததும் மரத்தடியில் கூடி ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். லட்சுமணசாமி அந்தப் பக்கம் பார்க்காமல், துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுப்பாத்தாள் வந்து கைகூப்பினாள்.

"ஊருக்குப் போயிச் சொல்லியனுப்பறமுங்க."

எதுவானாலும் சீக்கிரம் சொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னாலும் போதும் என்று போன் நம்பரை எழுதிக்கொடுத்தார். ஒன்றுக்கு இரண்டு சீட்டாக.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். கதிரேசன் மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெங்கடலட்சுமி தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நம்ம பையனுக்குன்னு சூலூர்ல ஒரு புள்ளையப் பாத்தமே. அவங்களுக்கு என்ன பதில் சொன்னோம்?" என்று கேட்டார்.

அவள் கையிலிருந்த தட்டு பாதியில் நின்றது.

"போயிச் சொல்லியனுப்பறம்னு சொன்னமுங்க. ஆச்சு, ஆறு மாசம்."