பாலை மரத்தைப் பார்த்தபடி

"போவமா புள்ள?" விஜிதரன் மறுபடியும் கேட்டான்.

கம்சாயினிக்கு கொடி இலையின் அடியில் இருந்த புழுவை விட்டுக் கண்ணெடுக்க மனம் வரவில்லை. கருஞ்சிவப்பு உடம்பு, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டி, மேலெல்லாம் மழுங்கிய முட்கள். இலையை விளிம்பிலிருந்து அரித்துத் தின்றுகொண்டிருந்தது.

கதிரவெளிக்கு மேற்கே உள்ள இந்தக் காட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி, கலியாணமான நாளிலிருந்து புருசனை நச்சரித்தாள். சண்டை முடிந்து ஒரு வருசமாகிவிட்டது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்பு எச்சரிக்கைப் பலகைகளையும் பிடுங்கிவிட்டார்கள். பிறகென்ன பயம் என்றாள். அவன் நாளைக் கடத்திக் கடத்தி இன்றைக்குத்தான் வந்தான்.

வந்ததிலிருந்து நின்ற இடத்தில் நிற்கவில்லை. அவள் பாதையை விட்டுக் காலை எடுத்தால் கையைப் பிடித்து இழுத்தான். பூச்சி புழு எதையும் அவன் கவனிக்கவில்லை. மரங்களையே பார்த்தான்.

நுளம்புக்கடி தாங்கவில்லையாக்கும் என்று நினைத்தாள்.

சுனாமிக் கடல் வந்த அன்று வீட்டோடு அம்மாவும் போனாள். அவள் முகத்தைக் காட்ட ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு, கண்டதையெல்லாம் படமெடுத்து வைக்காவிட்டால் கம்சாயினிக்கு நித்திரை வராது. இந்த வண்ணத்துப்பூச்சியின் முட்டையும் கூடும் ஊர் வேலியில் கிடைத்தன. புழு இப்போது கிடைத்தது. முட்டையிட வரும் தாய்தான் மீதி.

அது வந்தது.

கறுப்புச் சிறகு, இரத்தச் சிவப்பில் உடம்பு. கொடியைத் தொட்டுவிட்டு எழும்பி, பற்றைப் புதருக்கு அப்பால் இன்னொரு கொடியில் போய் இருந்தது.

அவள் ஓடினாள்.

கெமராவைக் கண்ணில் வைத்தபடி முழங்காலை மண்ணில் ஊன்றப் போனாள்.

"அசையாத!"

அப்படியொரு குரல் அவனுக்கு இருப்பது அவளுக்குத் தெரியாது. வண்ணத்துப்பூச்சி பறந்துவிட்டது. கோபத்தில் கெமராவை இறக்கியவளின் கண்ணில், முழங்காலுக்கு நேர் கீழே, மழை அரித்த மண்ணில் ஒரு வட்ட விளிம்பு பட்டது. பச்சை நிறம். போத்தல் மூடி அவ்வளவு பெரிதாக இருக்காது.

மிதிவெடி.

"நான் வாறன். அப்பிடியே நில்லு."

அவன் நேரே வரவில்லை. அவள் ஓடிய வழியிலும் வரவில்லை. தூரத்தில் நின்ற பாலை மரத்தைப் பார்த்தபடி வளைந்து நடந்தான். பிறகு ஒரு வீரை மரத்தைப் பார்த்துத் திரும்பினான். நிலத்தை ஒருதரமும் பார்க்கவில்லை; வெடி எங்கெங்கே புதைந்திருக்கிறது என்று மரங்களே அவனுக்குச் சொல்வதுபோல.

கிட்ட வந்து, அவளை முதுகில் தூக்கிக்கொண்டான்.

"கழுத்தக் கட்டிப் புடி. கீழ பாக்காத."

அவன் சேட்டு நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அடித்துக்கொள்வது தன் நெஞ்சா அவனுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மரத்திலிருந்து மரத்துக்குக் கண்ணை மாற்றி, வந்த வளைவிலேயே திரும்பிப் போனான்.

பாதையில் அவளை இறக்கிவிட்டுக் கிளைகளை முறித்து அந்தப் பக்கத்தை அடைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் கெமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, தானும் கிளை முறித்துக் கொடுத்தாள்.

காட்டுப் பாதை தார் றோட்டில் ஏறும் இடத்தில் காவலரண். சிப்பாய் கெமராவை வாங்கிப் புழுக்களைப் பார்த்துச் சிரித்தான். விஜிதரனின் அடையாள அட்டையைக் கையில் எடுத்ததும் சிரிப்பு நின்றது. மேலும் கீழும் பார்த்தான்.

"சண்ட நேரம் நீ எங்க இருந்த?"

விஜிதரன் றோட்டுக்கு அப்பால் நின்ற மரத்தைப் பார்த்தான்.

"கட்டார்ல," என்றாள் கம்சாயினி. "ஆறு வருசம். லொறி ஓடினவர்."

பெண் பார்க்க வந்த அன்று அவன் சொன்னது அது. இன்று காலைவரை அவள் நம்பியிருந்ததும் அதுதான்.