மாற்றிய பேட்டரி

விஜயன் சாப்பிடக் கீழே இறங்கியதும் தனலெட்சுமி எழுந்து அவன் மேசைக்குப் போனாள். பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் அப்போது வேறு யாரும் இல்லை.

அவன் லேப்டாப்பைத் திருப்பி பேட்டரியைக் கழற்றினாள். அதைத் தன்னுடையதில் மாட்டிக்கொண்டு, தன் பேட்டரியை அவனுடையதில் செருகினாள். ஒரே மாடல். யாருக்கும் தெரியப்போவதில்லை.

செய்தது தப்புதான். ஆனால் அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

இன்சூரன்ஸ் விற்கிற அவர்களுக்குக் கம்பெனி பழைய லேப்டாப்புகளை வாங்கிக் கொடுத்திருந்தது. அவளுடையது சார்ஜ் நிறைந்திருப்பதாகக் காட்டும், கால் மணி நேரத்தில் படுத்துவிடும். ஸ்டோர் பார்க்கும் நாகையாவிடம் மூன்று மாதமாக வேறு பேட்டரி கேட்கிறாள். வரும்லா, பொறுங்க என்பார். இந்த மாதமும் பாலிசி பிடிக்காவிட்டால் வேலை இல்லையென்று மேனேஜர் காலையில்தான் அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார்.

விஜயன் பேட்டரி மட்டும் இரண்டு மணி நேரம் நிற்கும். பக்கத்து மேசைதான். ஒருநாளாவது, அக்கா இதை எடுத்துட்டுப் போங்க என்று வாய் திறந்திருப்பானா?

மூன்று கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கிள்ளான் போனாள். லோரி முதலாளி சின்னையா தன் டிரைவர்கள் பன்னிரண்டு பேருக்கும் பாலிசி எடுப்பதாக இருந்தார். லோரிகள் நிற்கும் திடலிலேயே ஒரு மேசை போட்டு உட்காரவைத்தார். அங்கே ஏது பிளக்?

அவள் ஒவ்வொரு கட்டமாக விளக்க, சின்னையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆர்வமாகக் குனிந்தார்.

பத்தாவது நிமிஷம் திரை இருண்டது.

மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்தாள். சின்னையா கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னொரு நாள் பார்ப்போம்மா. லோரி கிளம்பற நேரம்."

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அவன் பேட்டரியும் செத்ததுதானா, இத்தனை நாள் சும்மா பீற்றிக்கொண்டானா என்று விஜயன்மேல் எரிச்சல் வந்தது. திருடியும் பலனில்லை என்று தன்மேலும் வந்தது.

ஆபீசில் விஜயன் அவளுக்காகவே காத்திருந்தவன் மாதிரி எழுந்து வந்தான். கிள்ளான் வேலை முடிந்ததா என்று கேட்டான். பாதியில் அணைந்துவிட்டது என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

விஜயன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"காலையில மேனேஜர் போட்ட சத்தம் வெளியே கேட்டுச்சுக்கா. நீங்க உள்ள இருக்கறப்பவே என் பேட்டரியை உங்களதுல மாத்தி வச்சிட்டேன். சொன்னா வாங்கிக்க மாட்டீங்கன்னுதான் சொல்லல."

தனலெட்சுமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுதான்கா புரியல. உங்க பழைய பேட்டரி இன்னிக்கு ஷா ஆலம்ல எனக்கு ரெண்டு மணி நேரம் ஓடுச்சு."