டீனுக்குப் பிடித்த முன்னோடி

ஆஸ்பத்திரி ஹாலில் மாட்டியிருந்த படங்கள் எல்லாமே மீசை வைத்தவை. மருத்துவத்தில் பெண் முன்னோடிகளைக் கொண்டாடும் விழா வந்ததும், ஒரு பெண்ணின் படத்தையும் மாட்டலாம் என்று டீன் பெரிய மனசு பண்ணினார். யார் படம் என்று முடிவு செய்யும் கமிட்டியில் இருந்த ஒரே பெண், மயக்க மருந்து டாக்டர்.

"நம்ம முதல் பெண் சர்ஜன்?" என்று கேட்டார் அவர்.

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள விடலைன்னு கோர்ட்டுக்குப் போன அம்மாதானே? வேண்டாம்" என்றார் டீன்.

"காய்ச்சல் கிருமியைக் கண்டுபிடிச்சவங்க?"

"கண்டுபிடிச்சாங்க, சரி. அதை அப்போதைய டீன் தன் பேர்ல போட்டுக்கிட்டார்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்களே. எல்லாரையும் அனுசரிச்சுப் போன ஒருத்தர்கூடவா கிடைக்கலை?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார்.

"ஒருத்தங்க இருக்காங்க சார். லீவே எடுத்ததில்லை, சம்பளம் கேட்டதில்லை. நீங்க உள்பட இங்கே எல்லாருமே அவங்ககிட்ட தொழில் பழகினவங்கதான். யார் என்ன செஞ்சாலும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

"இவங்கதான் முன்னோடி. படத்தை ரெடி பண்ணுங்க."

பேர் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

விழாவில் டீன் திரையை விலக்கினார். வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, சாந்தமான முகம்.

"இந்தத் தாய்கிட்டதான் நான் தொழில் கத்துக்கிட்டேன்" என்று கண் கலங்கினார். "இந்தக் காலத்து லேடி டாக்டர்களுக்கும் இந்தப் பொறுமை வரணும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

படத்தில் இருப்பவரை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் மாடியிலுள்ள பயிற்சி அறைக்குப் போகலாம். நின்றுபோன இதயத்தை நெஞ்சில் அழுத்தி ஓட வைக்க மாணவர்கள் பழகுவதற்காக, மேஜைமேல் படுக்க வைத்திருக்கிற ரப்பர் பொம்மை அவர்தான். கோட்டும் கண்ணாடியும் மட்டும் மயக்க மருந்து டாக்டருடையவை.