இஞ்சி தட்டும் நேரம்

மாடி வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டு ஓரடி பின்னால் நின்றான்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று ஊமையானது.

கதவைத் திறந்த துளசிமணி அக்கா அவனைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்தார்.

"கீழ சத்தம் வந்துருச்சுங்களா கண்ணு? தட்டம் ஒண்ணு கை தவறிருச்சு. இனிப் பாத்துக்கறனுங்க."

இல்லை என்று தலையசைத்தான்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். அவர் கணவர் சென்னியப்பன் ரிமோட்டைப் பிடித்தபடி எழுந்து நின்றார். சாப்பாட்டு மேசை நாற்காலிகளின் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டியிருந்தது.

ஆடியிலிருந்து இந்த வீடு இப்படிச் சத்தம் அடங்கித்தான் இருக்கிறது. அவன் மனைவி சுபாஷிணி இறந்ததிலிருந்து.

அதற்கு முன், சாயங்காலமானால் அவன் வீட்டு சீலிங் அதிரும். இவர்கள் டீக்கு இஞ்சி தட்டுவார்கள். இரும்பு இடிகல்லைத் தரையில் வைத்து, ணங் ணங் என்று.

குடிவந்த புதிதில் ஒருமுறை மேலே வந்து சொல்லிப் பார்த்தான். ரொம்பப் பணிவாக. தப்பாக நினைக்காதீர்கள் என்று ஆரம்பித்து, அதையே சொல்லி முடித்தான். சில நாள் நின்றது. பிறகு பழையபடி.

சுபா படியேறவில்லை. ஒட்டடைக் கம்பை எடுத்து சீலிங்கில் இரண்டு தட்டு.

மேலே நின்றுவிடும்.

சற்றுக் கழித்து, ஒரே ஒரு ணங்.

"பாத்தீங்களா, வேணும்னே" என்பாள். தினமும் அதற்குச் சிரிப்பாள்.

இப்போது சீலிங் வெறும் சீலிங்.

சத்தம் வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கு வார்த்தை இருந்தது. சத்தம் வேண்டும் என்று கேட்க இன்று ஒன்றும் அகப்படவில்லை.

டீ வந்தது. இஞ்சி வாசனை இருந்தது. காரம் இல்லை.

"இஞ்சி தட்டறதில்லைங்களாக்கா?"

"பொடி வாங்கிட்டோங் கண்ணு. கீழ நீங்க ஒத்தையில கெடக்கறீங்க. மேல உக்காந்து இடிக்க மனசு வருங்களா?"

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னியப்பன் பேச்சை மாற்றப் பார்த்தார்.

"இவளுக்கென்னங்க தம்பி, பொடியக் கொட்டிக் கலக்கிக் குடுத்தர்றா. குடிச்சுக் குடிச்சு எனக்கு நாக்கே செத்துப்போ..."

நிறுத்தினார்.

அக்காவின் கை வாய்க்குப் போனது.

மாதக்கணக்காக அவன் எதிரில் எவரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அலுவலகத்தில் பேட்டரி செத்துப்போனால்கூட, அவனைப் பார்த்துவிட்டு, தீர்ந்துபோச்சு என்பார்கள்.

அவன் தோள்கள் குலுங்கின.

அக்கா பதறி எழுந்தார். கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

சிரித்துக்கொண்டிருந்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அந்தச் செத்த நாக்குக்காவது இடிங்கக்கா. கீழ கேக்கட்டும்."

சிரிக்கலாமா என்று அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறையில் நின்றான்.

மேலே நாற்காலி கிறீச்சிட்டது. சாக்ஸைக் கழற்றிவிட்டார்கள்.

பிறகு, ணங்.

தயங்கி இன்னொன்று.

அப்புறம் பழைய வேகம். பாத்திர அடுக்கில் கரண்டிகள் லேசாக அதிர்ந்தன.

கதவுக்குப் பின்னால் ஒட்டடைக் கம்பு அவள் சாத்திவைத்தபடியே இருந்தது. எடுத்தான். அவளைவிட உயரம் என்பதால் கையைப் பாதிதான் தூக்க வேண்டியிருந்தது.

இரண்டு தட்டு.

மேலே நின்றது.

சுண்ணாம்புத் தூள் முகத்தில் உதிர்ந்தது. துடைக்கவில்லை. கம்பைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றான்.

குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. தெருவில் ஏதோ வண்டி போனது.

அவ்வளவுதானா.

ணங்.

அடக்கியிருந்த மூச்சை விட்டான்.

"பாத்தியா, வேணும்னே" என்றான்.