தோட்டக்காரனா, டாக்டரா?

வாடகை நூலகம் ஒன்றில் ஒரு துப்பறியும் நாவல் வருடக்கணக்காக வாசிக்கப்படாமல் கிடந்தது. எவனோ அதன் முதல் பக்கத்தில் பென்சிலால், "தோட்டக்காரன்தான் கொலைகாரன்" என்று எழுதிவைத்திருந்தான். கையில் எடுத்தவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

"ஒரே ஒருத்தராவது என் கடைசிப் பக்கம் வரை வரமாட்டாரா?" என்று நாவல் தினமும் புலம்பும்.

நூலகத்து டிவிக்குப் பின்னால் குடியிருந்த பல்லி ஒரு நாள் ஓடிவந்தது. "அண்ணே, உங்க கதையை வச்சு எடுத்த சீரியல் இன்னிக்கு முடிஞ்சுது. கொலைகாரர் டாக்டர்!"

"டாக்டரா? அவர் இருமல் மருந்து கொடுக்க ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போனவர்டா!"

"தோட்டக்காரரா நடிச்சவருக்கு ரசிகைகள் ஜாஸ்தியாம். அதனால சீரியல்ல அவருக்குக் கல்யாணம் பண்ணிவச்சுட்டாங்க."

"மடப்பசங்க!" என்று நாவல் அட்டை துடிக்கத் திட்டியது.

மறுநாள், சீரியலை ஒரு நாள் விடாமல் பார்த்த அமலோற்பவம் டீச்சர் நாவலைப் பிரித்தார். பென்சில் வரியைப் பார்த்ததும், "சுத்தப் பொய்" என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஒரு வாரம் கழித்து நாவல் திரும்பி வந்தது.

"முழுசாப் படிச்சாங்களா அண்ணே?"

"கடைசி வரி வரைக்கும். நான்தான் கதையை மாத்திட்டேன்னு கோபம் வேற." நாவல் முதல் பக்கத்தைக் காட்டியது. பென்சில் வரிக்குக் கீழே சிவப்பு மையில், "தவறு. டாக்டர்!" என்று இருந்தது.

அன்று மாலையே அந்தப் பக்கத்தைப் பார்த்த இரண்டு பேர் நாவலுக்காகச் சண்டை போட்டார்கள்.

"தம்பி, டிவி பக்கம் பென்சில் ஏதாவது கிடந்தா இப்படி உருட்டிவிடு. என் கதையில இன்னும் சமையல்காரி ஒருத்தி பாக்கி இருக்கா" என்றது நாவல்.