அஞ்சே நிமிஷம்

புதிதாகத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் கண்ணாடிக்கு முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்க்கிறார். கட்டிங் மாஸ்டர் அவர் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிடுகிறார். "துணியை மேசையில விரிச்சாப் போதும் சார், கத்தரி தானாப் போகும். நம்ம கைராசி அப்படி!" ஜன்னலோர வெயிலில் உட்கார்ந்து, அடுத்த கோட்டின் பொத்தான் துளையைச் சுற்றி நூல் கட்டிக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் அக்காவுக்கு வயிறு எரிகிறது. பதினோரு வருஷமாக இந்தக் கடையில் அந்த ஒரு கைக்குத்தான் ராசி. போன வாரம் அவர் போட்டிருக்கும் இந்தக் கோட்டின் காலர் கோணிப்போய் இரண்டு தடவை பிரித்த கதையை அந்தக் கை சொல்லுமா? நூலை வெடுக்கென்று பல்லால் கடிக்கிறாள்.

வாடிக்கையாளரின் விரல் ஒரு காஜாவின் ஓரத்தைத் தடவுகிறது. "இது மெஷின்ல போட்டதா?" அவள் ஊசி அந்தரத்தில் நிற்கிறது. "மெஷினா! கைவேலை சார். நம்ம அக்கா போட்டது" என்கிறார் மாஸ்டர். அவளுக்கு நெஞ்சு குளிர்கிறது. "எல்லாம் நான் பழக்கிவிட்டதுதான்." குளிர்ந்த நெஞ்சு குப்பென்று பற்றிக்கொள்கிறது. இவர் பழக்கினாராம், இவர்! வாடிக்கையாளர் அவள் பக்கம் திரும்புகிறார். "ஒண்ணு போட எவ்வளவு நேரம்மா ஆகும்?" அவள் வேலையைப் பற்றி அவளிடமே ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. "அஞ்சே நிமிஷம் சார். கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுருவேன்" என்று அவள் வாய் முந்திக்கொள்கிறது. அரை மணி நேரமாக எடுக்கும் காஜா மடியில் பாதியில் கிடக்கிறது. மாஸ்டர் அதைப் பார்க்கிறார். பிறகு அவளைப் பார்க்கிறார். "ஆமா சார்," என்கிறார், "அஞ்சே நிமிஷம்."