உள்ளே போன தண்ணி

குகைக்குள் ஊர்ந்து திரிவது கணக்காளரின் பொழுதுபோக்கு. அப்படிப் போய்வந்த எட்டாம் நாள் காய்ச்சல் அனலாய்க் கொதிக்க, மனைவி அவரை டாக்டரிடம் இழுத்து வந்தாள்.

“குகையிலே தண்ணி உள்ளே போச்சா?” என்று கேட்டார் டாக்டர்.

“சத்தியமா இல்லை டாக்டர்! அதை விட்டு ஆறு மாசமாச்சு.”

“மறைச்சா உயிருக்கே ஆபத்துங்க.”

கணக்காளர் மனைவியின் பக்கம் திரும்பாமல் முனகினார். “கூட வந்தவங்க விடலை. ரெண்டே மடக்கு.”

மனைவி எழுந்தேவிட்டாள். “என் தலையிலே கை வச்சு செஞ்ச சத்தியம் என்னாச்சு?”

“அம்மா, நான் கேட்டது குகைக்குள்ளே ஓடுற தண்ணியை. அதிலே எலி மூத்திரம் கலந்திருந்தா எலிக்காய்ச்சல் வரும்” என்றார் டாக்டர்.

கணக்காளரின் முகம் மலர்ந்தது. “அதேதான் டாக்டர்! நான் குடிச்சது எலி மூத்திரம்தான்!”

“அப்படியா?” என்றாள் மனைவி. “தொட்டுக்க என்ன வச்சிருந்தீங்க?”